சாண்ட்ராவுக்குப் பொருந்திய துவக்கு

ஜேசுரட்ணத்தை அடக்கம் செய்த அன்று சேமக்காலை வாசலில் முப்பது ஜெர்மானியர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே பச்சைச் சட்டை, ஒரே பச்சைத் தொப்பி, கைகளில் வெள்ளைக் கையுறை. ஹனோவரிலிருந்தும் பிராங்பேர்ட்டிலிருந்தும் வந்திறங்கிய சொந்தக்காரர்கள் குளிரில் கைகளை ஒடுக்கிக்கொண்டு அவர்களை விநோதமாகப் பார்த்தார்கள்.

“என்னண்ணை, ஜேசு எப்ப ஜெர்மன் ஆமியில சேர்ந்தவர்?” என்று ஒருவர் பக்கத்தில் நின்றவரின் காதுக்குள் கேட்டார்.

“ஆமியில்லை. உது செபஸ்தியார் சபை.”

“சபையெண்டா கையில செபமாலையல்லோ இருக்கவேணும்? உவையின்ர நெஞ்சில ரெண்டு துவக்குப் போட்ட பதக்கமெல்லோ தொங்குது.”

“அது பெரிய கதை.”

பெட்டி இறங்கியபோது கொடி பிடித்தவர் கொடியைக் குழியின்மேல் மூன்று முறை சாய்த்து எடுத்தார். வரிசையின் கடைசியில் பச்சைச் சட்டையோடு ஒரு தமிழ்ப் பிள்ளையும் நின்றாள். பதினேழு வயது. இறந்தவரின் ஒரே மகள் சாண்ட்ரா. தாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்படி யாரோ சைகை காட்டினார்கள். அவள் வரிசையை விட்டு அசையவில்லை.

அது 2009ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அந்தப் பெரிய கதை அதற்குப் பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு தவறில் தொடங்கியது.

ஜேசுரட்ணம் மன்னார் பக்கத்து ஆள். 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, மூன்று அகதி முகாம்கள் மாறி, கடைசியில் ஹம் நகருக்குக் கிழக்கே கால்வாயோரச் சிற்றூர் ஒன்றில் குடியேறினார். கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் வேலை. மனைவி பேர்பெச்சுவாவுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. தொழிற்சாலையில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ஹெர் வாறும். ஜெர்மன் மொழியில் ‘ஹெர்’ என்றால் திரு, ‘வாறும்’ என்றால் ஏன். இந்த நெம்புகோல் ஏன் இடப்பக்கம் இருக்கிறது, விண்ணப்பத்துக்கு ஏன் இரண்டு முத்திரை, ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினால் ஏன் பொலிஸ் வருகிறது என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோவில் திருவிழாவுக்கும் வருடா வருடம் போவார். கும்பிட அல்ல, தேர்ச் சில்லுக்கு அந்த வருடம் என்ன கட்டை வைக்கிறார்கள் என்று பார்க்க.

1996 ஜனவரியில் ஒரு ஞாயிறு, பங்குக் கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர் கோவில் வளவில் ஒரு சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவதைக் கண்டார். மரத்தில் கட்டிய இளைஞன், உடம்பெல்லாம் அம்பு. செபஸ்தியார்! மன்னார்ப் பேராலயமே அவர் பேரில்தான். ஜனவரி இருபதாம் திகதி அவருடைய திருநாள் என்பது ஜேசுரட்ணத்துக்குத் தன் பிறந்த நாளைவிட நன்றாகத் தெரியும். முன்னால் போனவர்கள் பச்சைச் சட்டை போட்டிருந்தார்கள். ஊரிலும் சபைக்காரர் ஒரே நிறத்தில் உடுத்துவதுதானே. சுருவம் தூக்கிய நால்வரில் ஒருவர் மூச்சு வாங்குவதைக் கண்டு, போய்த் தோள் கொடுத்தார். கோவிலைச் சுற்றி வந்ததும் அவருக்குக் கோப்பியும் ஒரு படிவமும் கிடைத்தன. புனித செபஸ்தியார் சகோதரத்துவம். குடும்பமாகச் சேரலாம். மேல் வரியை மட்டும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

மே மாதம் புல்வெளியில் உயரமான கம்பம் நட்டார்கள். உச்சியில் மரத்தால் செய்த பறவை. ஒவ்வொருவராக வந்து துவக்கால் சுட்டார்கள். கடைசித் துண்டை விழுத்தியவர் அந்த வருடத்து ராசா. பெரிய வாத்தியம் முழங்கியது. தான் சேர்ந்தது துவக்குச் சுடும் சங்கம் என்பது அப்போதுதான் விளங்கி, ஜேசுரட்ணம் பச்சைச் சட்டையோடு பீர்க் கூடாரத்தின் ஓரத்தில் வெளிறிப்போய் நின்றார்.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னபோது பேர்பெச்சுவா இடுப்பில் கையை வைத்தாள். “இஞ்சேருங்கோ, நீங்கள் ஒப்பம் வைச்சது சபைக்கோ பட்டாளத்துக்கோ?”

“செபஸ்தியார் நிக்கிறார்தானே.”

“அவரைக் கட்டி வைச்சிருக்கு, நிக்கிறார். உங்களை ஆர் கட்டி வைச்சது?”

ஆனாலும் அவர் விலகவில்லை. விலகுவதற்குள் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அம்பு பட்ட மனிதர் சுடுகிறவர்களுக்கு எப்படிப் பாதுகாவலர் ஆனார்? பங்குத் தந்தையிடம் கேட்டார். பொருளாளரிடம் கேட்டார். பீர் ஊற்றுகிறவரிடமும் கேட்டார். “எப்போதும் அப்படித்தான்” என்றார்கள். ஜேசுரட்ணத்துக்கு அது பதிலாகப் படவில்லை. பதில் கிடைக்கும்வரை இருந்து பார்ப்போம் என்று எட்டு வருடம் இருந்துவிட்டார். மர வாங்குகளை அடுக்கினார், கேக் விற்றார், நொறுங்கிய மரப்பறவையின் துண்டுகளைப் பொறுக்கினார், சுருவம் வைத்த பீடத்தின் வலது முன்காலைத் தூக்கினார். துவக்கை மட்டும் தொடவேயில்லை. ஏன் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்தச் சொல் அவருடையது என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

2004 செப்டெம்பரில் சாண்ட்ராவுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது. மறுநாளே ஒரு படிவம் கொண்டுவந்து குளிர்பெட்டிக் கதவில் கெவெலார் மாதாக் காந்தத்தின் கீழ் ஒட்டினாள்.

சட்டம் அதுதான். பன்னிரண்டு வயதானால் சங்கத்தில் காற்றுத் துவக்கால் சுடலாம். அதற்குப் பெற்றோர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அல்லது சுடும்போது ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இளையோர் அணியில் சேர்வதென்றால் எழுத்துத்தான் வேண்டும், அதுவும் ஒக்டோபர் முடிவதற்குள். படிவத்தில் இரண்டு கோடுகள், தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று.

தாய்க்குரிய கோட்டில் அன்றைக்கே கையெழுத்து விழுந்தது. ஜேசுரட்ணம் அதை எதிர்பார்க்கவில்லை.

“நீர் எப்பிடியப்பா வைச்சனீர்?”

“பத்து மீட்டருக்கு அங்கால கடதாசியில ஓட்டை போடுறது. என்ர தையல் மெசின் அதைவிடக் கூடப் போடும். பிள்ளை ரெண்டு வருசமாக் கேக்குது. நீங்களும் வையுங்கோவன்.”

“பாப்பம்.”

அந்தப் ‘பாப்பம்’ ஒக்டோபர் நடுப்பகுதி வரை இழுத்தது. சாண்ட்ரா கெஞ்சவில்லை. ஒவ்வொரு காலையும் பால் எடுக்கும்போது படிவத்தை ஒரு முறை பார்ப்பாள், பிறகு தகப்பனை ஒரு முறை பார்ப்பாள். கதவு சாத்தும் சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்தது.

கையெழுத்து வைக்க முடியாதவர் வேறொன்று செய்தார். விசாரிக்கத் தொடங்கினார். பிள்ளைக்கு முதல் துவக்கு எப்படித் தெரிவு செய்வது? இளையோர் அணியின் பொறுப்பாளர் ஃபிறௌ ஹோல்ஷர், ஐம்பது வயதுப் பெண்மணி, மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். அவரிடம் போய்க் கேட்டார். அந்த அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை பிற்பகல் தகப்பனையும் மகளையும் வரச் சொன்னார்.

சுடும் கூடம் ஒரு நீண்ட அறை. சுவரில் ஒரு செபஸ்தியார் படம், பக்கத்தில் மேலங்கி மாட்டும் கொக்கிகள். இரண்டு பையன்கள் ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபிறௌ ஹோல்ஷர் இரும்பு அலுமாரியைத் திறந்து துவக்குகளை மேசையில் கிடத்தினார். சாண்ட்ராவின் முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து விரல் கணு வரை அளந்தார். கையில் ஒன்றைக் கொடுத்து, சுவரைப் பார்த்து இருபது எண்ணச் சொன்னார். இருபதுக்குள் கை நடுங்கினால் துவக்கு பாரம் என்று அர்த்தம். தோளில் பதியும் பின்கட்டை நீளமென்றால் பிள்ளை முதுகை வளைத்துவிடும். நீளம் குறைந்தால் மூக்கில் இடிக்கும்.

“உடுப்பு தைக்கக் குடுக்கிற மாதிரி” என்று ஜேசுரட்ணம் மகளிடம் தமிழில் சொன்னார். தனக்கு இது பிடித்துக்கொண்டு வருகிறது என்பதை அப்போது உணர்ந்து, கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அளவெல்லாம் முடிந்த பிறகு ஃபிறௌ ஹோல்ஷர் தம்முடைய காரிலிருந்து கம்பளியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய காற்றுத் துவக்கு. வாதுமை மரக் கட்டை, கன்னம் பதியும் இடம் எண்ணெய் போட்டதுபோல் மினுங்கியது. கட்டையின் அடியில் சின்னப் பித்தளைத் தகடு, அதில் நான்கு பெயர்கள்.

“என் தந்தை வாங்கியது. பிறகு என் அண்ணன், பிறகு நான், பிறகு என் மகன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இதுதான் முதல் துவக்கு. மகனுக்கு இப்போது கணினி போதும். ஐந்தாவது பெயருக்கு இடம் இருக்கிறது. சாண்ட்ரா என்று பொறிக்கலாம். உங்களுக்குச் சம்மதம் என்றால்.”

சாண்ட்ரா தகட்டைத் தடவிப் பார்த்தாள். ஜேசுரட்ணம் ‘நன்றி’ என்றார். ஒரு குடும்பத்துத் துவக்கு எங்கே போகவேண்டுமோ அங்கே போகாவிட்டால் என்ன நடக்கும் என்பது அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“சுட்டுப் பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அது போதும்” என்றார் ஃபிறௌ ஹோல்ஷர்.

அவர் நின்றார். எட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சுடும் கோட்டுக்கு அருகில் நின்றார். பயறளவு ஈயக் குண்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. சத்தம் பெரிதாக இல்லை, கதவுத் தாழ் விழுவதுபோல ஒரு ‘டக்’. பத்துக் குண்டுகளுக்குப் பிறகு கடதாசி கம்பியில் ஓடி வந்தது. நடுவில் இருந்த கறுப்பு வட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நான்கு ஓட்டைகள் இடப்பக்க ஓரத்தில். மற்ற ஆறும் கடதாசியிலேயே இல்லை.

“கறுப்பைச் சேமித்து வைக்கிறாள்” என்றான் ஒரு பையன்.

“சுவருக்குக் காயம், முதலுதவிப் பெட்டி எங்கே?” என்றான் மற்றவன்.

“வாயை மூடுங்கள்” என்றார் ஃபிறௌ ஹோல்ஷர். “முதல் நாள், பதற்றம், அவ்வளவுதான்.”

இரண்டாவது கடதாசியும் அப்படியே வந்தது. சாண்ட்ரா துவக்கை மெல்ல மேசையில் வைத்துவிட்டு மேலங்கியை எடுக்கப் போனாள். வாசலில் தகப்பனைப் பார்க்காமலே சொன்னாள்: “வாங்கோ போவம். எனக்குக் கண் வேலை செய்யேல்லைப் போல.”

ஜேசுரட்ணம் நின்றுவிட்டார். இதே சொல். இதே சொல்லை அவர் பதினைந்து வயதில் ஒரு வயல் வரம்பில் நின்று கேட்டிருக்கிறார்.

“நில் பிள்ளை” என்றார். திரும்பி வந்து ஃபிறௌ ஹோல்ஷரிடம் கேட்டார்: “ஏன் அவள் தலையைச் சாய்க்கிறாள்?”

“சாய்க்கிறாளா?”

“ஒவ்வொரு முறையும். கன்னத்தை மரத்தில் வைக்கிறாள். பிறகு மூக்கு மரத்துக்கு மேலாலே அந்தப் பக்கம் போகிறது. மற்றக் கண் எட்டிப் பார்க்கிற மாதிரி. ஏன்?”

ஃபிறௌ ஹோல்ஷர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார். பிறகு சாண்ட்ராவைக் கூப்பிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பெருவிரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதற்குள்ளால் செபஸ்தியாரின் முகத்தைப் பார்க்கச் சொன்னார்.

“தெரிகிறாரா? இனி இடக்கண்ணை மூடு.”

“இல்லை. கொக்கிதான் தெரிகிறது.”

“இப்போது வலக்கண்ணை மூடு.”

“வந்துவிட்டார்!”

“இடக்கண்காரி” என்றார் ஃபிறௌ ஹோல்ஷர். “மூளை நம்புவது இடது கண்ணை. நாம் அவளை வலது தோளில் வைத்துச் சுடச் சொன்னோம். ஆனால் அவள் வலது கையால்தானே எழுதுகிறாள்?”

ஜேசுரட்ணம் மகளைப் பார்த்தார். மகள் தன் கைகளைப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் இடக்கையால்தான் எல்லாம் எடுத்தாள். சோறு இடக்கையால் பிசைந்தபோது பேர்பெச்சுவா பதறிவிட்டாள். சோத்துக்கை என்று ஒரு கை இருக்கும்போது மற்றக் கையால் சாப்பிடுகிற பிள்ளையை எந்தச் சபையில் இருத்துவது? கரண்டியைப் பிடுங்கி வலக்கையில் வைத்தாள். ஜேசுரட்ணம் பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் வைத்தார். பாலர் பாடசாலை ஆசிரியை விட்டுவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். ஜெர்மன்காரருக்குச் சோறு கையால் சாப்பிடத் தெரியாது, அவர்களுக்கு இது விளங்காது என்று இருவரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள். ஊர் உலகமெல்லாம் ஏன் ஏன் என்று கேட்டவர் அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

இப்போது அவரே கைகளை நீட்டினார். ஓட்டைக்குள்ளால் செபஸ்தியாரைப் பார்த்தார். இடக்கண்ணை மூடினார். கொக்கி தெரிந்தது, அதில் மகளின் சிவப்பு மேலங்கி. வலக்கண்ணை மூடினார். செபஸ்தியார் தெரிந்தார். மூன்று முறை செய்து பார்த்தார்.

“நீங்கள் இடக்கைக்காரரா, ஹெர் ஜேசுரட்ணம்?”

“இல்லை” என்றார். பிறகு, “ஐந்து வயது வரைக்கும்” என்றார்.

வீட்டுக்குப் போகிற வழி கால்வாய்க் கரையோரம். இருவரும் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு நடந்தார்கள். நிலக்கரிப் படகு ஒன்று அவர்களோடு கூடவே மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

“அப்பா, நீங்கள் ஏன் கையெழுத்து வைக்கிறியள் இல்லை? துவக்கெண்டா உங்களுக்குப் பயமோ?”

“பயமெண்டு சொன்னா விடுவியோ?”

“விடமாட்டன். ஏன் பயம் எண்டு கேப்பன்.”

அவர் சிரித்தார். பிறகு சொன்னார். இருபது வருடமாக யாரிடமும் சொல்லாததைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னார்.

அவருடைய தகப்பன் சந்தியாம்பிள்ளையிடம் அனுமதிப்பத்திரத்தோடு இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. நெல் விளையும் மாதங்களில் பன்றி கலைக்க. அது அவருக்கு அவருடைய தகப்பன் கொடுத்தது. இரண்டு ஆண் பிள்ளைகளில் யாருக்கு அடுத்தது என்று பார்க்க, ஒரு நாள் வரம்பில் ஆறு தேங்காய்ச் சிரட்டைகளை அடுக்கினார். மூத்தவன் ஜேசுரட்ணம் ஆறு தோட்டாவையும் வீணாக்கினான். இளையவன் அருளப்பு நான்கு சிரட்டைகளை விழுத்தினான். “உனக்குக் கண் வேலை செய்யாது. உன்ர கையில துவக்கைக் கண்டா பன்றி நிண்டு சிரிக்கும்” என்றார் தகப்பன். துவக்கு அருளப்புக்கு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

“பிறகு எண்பத்து நாலில இயக்கப் பெடியள் துவக்கு இருக்கிற வீடுகளை விசாரிச்சுக்கொண்டு திரிஞ்சவங்கள். சந்தியில என்னை மறிச்சுக் கேட்டாங்கள், உங்கட வீட்டில ஒண்டு இருக்காமே எண்டு. நான் சொன்னன்.”

“பயத்தில சொன்னனீங்களோ?”

“அப்பிடித்தான் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தனான். ஆனா பயத்தில சொல்லுறவன் ஓம் எண்டு மட்டும்தான் சொல்லுவான். நான், நெல்லுப் பெட்டிக்குப் பின்னால, சாக்குக்குக் கீழ எண்டும் சேத்துச் சொன்னனான்.”

அடுத்த நாள் பெடியள் வந்து, கேட்காமலே நெல்லுப் பெட்டியை நகர்த்தித் துவக்கை எடுத்துப் போனார்கள். அனுமதிப்பத்திரம் சந்தியாம்பிள்ளையின் பெயரில். துவக்கு எங்கே என்று பொலிஸ் அவரைக் கொண்டுபோய்ப் பத்தொன்பது நாள் வைத்திருந்தது. திரும்பி வந்தவருக்கு வலக்கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அடுத்த வருடம் அவர் ஒரு வயல் துண்டை விற்று, மூத்தவனாவது பிழைக்கட்டும் என்று ஜேசுரட்ணத்தை ஜெர்மனிக்கு அனுப்பினார். தொண்ணூற்றொன்பதில் செத்துப்போனார்.

படகு அவர்களைக் கடந்து முன்னால் போய்விட்டது. சாண்ட்ரா சைக்கிள் மணியைச் சத்தம் வராமல் விரலால் அமத்திக்கொண்டு நடந்தாள்.

“அப்பப்பாவுக்குச் சொன்னனீங்களோ?”

“இல்லை.”

“சித்தப்பாவுக்கு?”

“இல்லை.”

“ஏன்?”

அந்தச் சொல்லால் ஊரையே துளைத்தவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார்.

“நீங்கள் அண்டைக்கு இடத்தோளில வைச்சுச் சுட்டிருந்தா சிரட்டையெல்லாம் விழுந்திருக்கும்” என்றாள் சாண்ட்ரா. “துவக்கு உங்களுக்கு வந்திருக்கும். அப்ப பெடியளுக்குச் சொல்லியிருக்க மாட்டியள். என்ன?”

“தெரியேல்லை, பிள்ளை. அப்பவும் சொல்லியிருப்பனோ என்னவோ. அதை அறியத்தான் எனக்குச் சரியான விருப்பம். அறிய ஒரு வழியும் இல்லை.”

பாலத்தடியில் அவள் நின்றாள். “எனக்கு அந்தத் துவக்கு வேண்டாம், அப்பா. வடிவான துவக்குத்தான். ஆனா கன்னம் வைக்கிற இடம் மற்றப் பக்கம். வேண்டாம் எண்டு சொன்னா அவ கவலைப்படுவா. நான் எப்பிடிச் சொல்லுறது?”

“நான் சொல்லுறன்” என்றார் ஜேசுரட்ணம்.

பேர்பெச்சுவாவுக்கு அது பிடிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் அப்பளம் பொரித்தபடியே சண்டை பிடித்தாள். “ஒரு மனுசி தன்ர பரம்பரைச் சாமானைத் தானா வந்து நீட்டுது. தட்டிவிட்டா எங்களைப் பற்றி என்ன நினைக்கும்? வாங்கி வைச்சுக்கொண்டு, பிள்ளை மெல்ல மெல்லப் பழகட்டும்.”

“நாங்கள் அப்பிடித்தான் கையையும் பழக்கினனாங்கள்.”

“கையைப் பற்றி என்னோட கதையாதேங்கோ.” அவள் அகப்பையை ஆட்டினாள். “சுடுறது எந்தக் கையால வேணுமெண்டாலும் சுடட்டும். சோறு சோத்துக்கையாலதான்.”

“ஓம் அம்மா” என்று சாண்ட்ரா அவசரமாகச் சொன்னாள். தாயிடமிருந்து இவ்வளவு கிடைத்ததே பெரிது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பேர்பெச்சுவா கணவனின் தட்டில் அப்பளத்தைப் போட்டுவிட்டு, அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “உங்கட அப்பா துவக்கைத் தராட்டியும் கண்ணைத் தந்துதான் அனுப்பியிருக்கிறார் போல. உந்தக் குடும்பத்தில வேற ஆருக்குக் கோணல் பார்வை?” என்றாள். அவள் பகிடியாகத்தான் சொன்னாள். ஜேசுரட்ணம் அப்பளத்தை உடைக்காமல் கனநேரம் வைத்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை, ஒக்டோபர் முடிய ஒரு நாள் இருக்கும்போது, அவர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மகளோடு சுடும் கூடத்துக்குப் போனார். கம்பளிச் சுற்று மேசையில் தயாராக இருந்தது. அவர் நேராக விசயத்துக்கு வந்தார்.

“ஃபிறௌ ஹோல்ஷர், இது உங்கள் குடும்பத்தின் துவக்கு. தந்ததற்கு நன்றி. ஆனால் என் மகளுக்கு இது பொருந்தாது. மரியாதைக்காக வாங்கினால் அவள் இதோடு வளைந்துவிடுவாள். வேண்டாம்.”

ஜெர்மன் மொழியில் அவர் ‘ஏன்’ இல்லாமல் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. ஃபிறௌ ஹோல்ஷர் மேசைக்குக் கிட்ட வந்தார். கம்பளியைப் பிரித்து, துவக்கைத் திருப்பி, பித்தளைத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பெயரின்மேல் பெருவிரலை வைத்தார்.

“என் அண்ணன். ஒரு வருடம்தான் சுட்டான். ஒன்றும் படவில்லை. சோம்பேறி என்று அப்பா சொன்னார். நானும் சொன்னேன்.” பெருவிரலை எடுக்காமலே, “அவன் பந்தை இடது காலால்தான் அடிப்பான்” என்றார். கம்பளியை மறுபடி சுற்றிக் கதிரையில் வைத்துவிட்டு அலுமாரிக்குப் போனார்.

அலுமாரியின் அடித்தட்டில் இரண்டு தோளுக்கும் பொதுவான கட்டையோடு ஒரு துவக்கு கிடந்தது. வெளிறிய மரம். யாரோ ஒட்டிய உதைபந்தாட்டச் சின்னம் பாதி கிழிந்து தொங்கியது. சங்கத்தில் யாரும் விரும்பி எடுக்காத துவக்கு. சாண்ட்ரா அதை இடது தோளில் வைத்தாள். சுவரைப் பார்த்து இருபது எண்ணினாள். கை நடுங்கவில்லை. தலையும் சாயவில்லை.

ஜேசுரட்ணம் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை கைகள் பைக்குள் இல்லை. ஐந்து குண்டுகள் போயின. கடதாசி ஓடி வந்தது. ஐந்து ஓட்டைகளும் கீழ் மூலையில், கறுப்பு வட்டத்துக்கு வெளியே. ஆனால் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு யூரோ நாணயத்தால் மூடிவிடலாம்போல.

“மூலையைக் குறி வைத்தாயா?” என்றான் போன கிழமைப் பையன்.

“நீ ஐந்தையும் ஒரே இடத்தில் போட்டுக் காட்டு” என்றாள் சாண்ட்ரா.

ஃபிறௌ ஹோல்ஷர் கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்தார். “சேர்ந்து விழுகிறது. அதுதான் முக்கியம். நடுவுக்குக் கொண்டுவருவது திருகாணி வேலை.”

“எந்தத் திருகாணி?” என்றார் ஜேசுரட்ணம்.

“துவக்கைத் தொட்டால்தான் காட்டுவேன்.”

அவர் மகளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டித் துவக்கை வாங்கினார். எதிர்பார்த்ததைவிடப் பாரமில்லை. ஃபிறௌ ஹோல்ஷர் சொன்னபடி மேலே இருந்த சின்னத் திருகாணியை இரண்டு சொடுக்கு, பக்கத்தில் இருந்ததை மூன்று சொடுக்குத் திருப்பினார். ஒவ்வொரு சொடுக்கையும் காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்டார். துவக்கை மேசையில் கிடத்திவிட்டு, பைக்குள் இருந்த படிவத்தை எடுத்து விரித்தார். மடிப்புகள் சரியாக அவருடைய கோட்டின்மேல் குறுக்கே விழுந்திருந்தன. அந்த மேடு பள்ளத்தின்மேலேயே கையெழுத்து வைத்தார்.

ஃபிறௌ ஹோல்ஷர் படிவத்தை வாங்கிக் கோப்புக்குள் வைத்தார். “சரி. இனி நீங்கள் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை.”

“தெரியும்” என்றார். ஆனால் போகவில்லை.

சாண்ட்ரா அடுத்த கடதாசியைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்து, “அப்பா, உங்கட கேள்விக்கு எனக்கு விடை தெரியும்” என்றாள்.

“எந்தக் கேள்விக்கு?”

“செபஸ்தியார் ஏன் சுடுறவைக்குப் பாதுகாவலர் எண்டது. அம்பு பட்டு அவர் சாகேல்லைத்தானே. பிறகு எழும்பிப் போனவர் எண்டுதானே மறைக்கல்வியில சொல்லித் தந்தவை. இவ்வளவு கிட்ட நிண்டும் ஒருத்தனுக்கும் நெஞ்சில அடிக்கத் தெரியேல்லை. எல்லாரும் பிழையான கண்ணால பாத்திருக்கிறாங்கள். அதைக் கண்டு பாவப்பட்டுத்தான் அவர் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்.”

ஜேசுரட்ணம் வாய்விட்டுச் சிரித்தார். பையன்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போய், மரத்தில் கட்டுண்டு நின்றவரின் உடம்பில் பட்ட அம்புகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு ஃபிறௌ ஹோல்ஷர் பக்கம் திரும்பினார்.

“அம்பு விட்டவர்கள் எத்தனை பேர் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?”